கழுத்துக் கட்டி சர்கோமா என்று வந்திருக்கிறது, திங்கட்கிழமையே கீமோ தொடங்கலாமா?

கேள்வி: பிப்ரவரி 11

என் அண்ணனுக்கு 34 வயது. கழுத்தில் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி, ஒன்றரை வருடமாக இருந்தது, வலி இல்லை. கொழுப்புக் கட்டிதான் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து "உயர் கிரேடு சர்கோமா, வகை உறுதியாகவில்லை" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை கீமோ தொடங்கலாம் என்கிறார்கள். நெட்டில் தேடினால் தலை-கழுத்து சர்கோமாவில் ஐந்து வருடம் தாண்டுபவர்கள் ஓர் இடத்தில் 90 சதவீதம், ஓர் இடத்தில் 60, இன்னோர் இடத்தில் 20 என்று இருக்கிறது. எதை நம்புவது? தாமதித்தால் பரவிவிடும் என்று வீட்டில் எல்லோரும் பயந்து கிடக்கிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

கடந்து வந்தவள்தான் எழுதுகிறேன். 2014-ல் கீழ்த்தாடையில் எனக்கு ஆஸ்டியோசர்கோமா, அதாவது எலும்பில் வரும் சர்கோமா. பதினோரு வருடம் ஆகிறது.

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் அவை மூன்று வேறு நோய்களைப் பற்றியவை. சர்கோமா என்பது எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தக்குழாய், நரம்புறை மாதிரியான திசுக்களில் வரும் புற்றுநோய்களுக்கு வைத்திருக்கும் பொதுப் பெயர். அதில் 70-க்கும் மேல் வகைகள் உண்டு. பெரியவர்களுக்கு வரும் எல்லாப் புற்றுநோய்களிலும் சர்கோமா மொத்தமே நூற்றில் ஒன்றுதான், தலை-கழுத்துப் புற்றுநோய்களிலும் அதே மாதிரி நூற்றில் ஒன்று. அந்த ஒன்றுக்குள் இத்தனை வகை. குழந்தையின் கண்குழியில் வரும் ராப்டோமயோசர்கோமா (தசை வகை) என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். வயதானவரின் உச்சந்தலையில் வரும் ஆஞ்சியோசர்கோமா (ரத்தக்குழாய் வகை) என்றால் ஐந்து வருடம் தாண்டுபவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கினால் 60, 70 என்று ஒரு சராசரி வரும், அது யாருக்குமே பொருந்தாத எண். "வகை உறுதியாகவில்லை" என்று எழுதியிருக்கும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த எண்ணையும் பார்க்காதீர்கள்.

திங்கட்கிழமை கீமோ வேண்டாம். முதலில் கட்டிக்குப் பெயர் தெரியட்டும், அப்புறம் மீதி இருப்பதைச் சரியாக வெட்டி எடுக்கட்டும், அதற்கு அப்புறம் கீமோவைப் பற்றிப் பேசலாம்.

பிப்ரவரி 11, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. மேலே கடைசிப் பத்தியை அவசரத்தில் எழுதிவிட்டேன், திருத்துகிறேன்.

பெயர் முதலில் என்பதில் மாற்றமில்லை. ஆனால் "வெட்டு முதலில், கீமோ பிறகு" என்பது எல்லா வகைக்கும் பொருந்தாது. அது ராப்டோமயோசர்கோமா என்று வந்தால் கீமோதான் முதலில், வின்கிரிஸ்டின், டாக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு என்று மாதக்கணக்கில் போகும், அறுவை சிகிச்சை பல சமயம் இருக்கவே இருக்காது. யூயிங் சர்கோமாவும் அப்படித்தான், கீமோவில்தான் தொடங்கும். மற்ற பெரும்பாலான வகைகளில் அறுவைதான் அடித்தளம், அதோடு கதிர்வீச்சு, கீமோ கடைசி வரிசையில் நிற்கும். ஒரே கழுத்து, ஒரே அளவுக் கட்டி, ஆனால் பெயர் மாறினால் சிகிச்சையின் வரிசையே தலைகீழாகிவிடும். அதனால் "திங்கட்கிழமை கீமோ வேண்டாம்" என்று நான் சொல்ல முடியாது, அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. "எந்த வகைக்காக இந்தக் கீமோ?" என்று திங்கட்கிழமைக்கு முன்னால் நீங்கள் கேட்கலாம். அதற்கு அவர்களிடம் ஒரு பெயர் பதிலாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 12

வகையை உறுதிசெய்ய இன்னொருவரிடம் படிக்கக் கொடுப்பதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும், மெழுகு பிளாக்கையும் கேளுங்கள். பிளாக் என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நகக்கண் அளவுக்குப் பழுப்பாக ஒரு துணுக்கு, ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண். என் தாடையிலிருந்து எடுத்தது அது. உறைக்குள் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வெயில் படாமல் மடியில் வைத்துப் பயணம் செய்தேன். மெழுகு உருகிவிடுமோ என்று வழி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே போனேன்.

அந்த பிளாக்கிலிருந்து புதுசாக மெல்லிய சீவல்கள் எடுத்து வேறு சாயங்கள் போடலாம், மரபணுச் சோதனையும் செய்யலாம். ஸ்லைடு மட்டும் இருந்தால் ஏற்கெனவே போட்ட சாயத்தைத்தான் திரும்பப் பார்க்க முடியும். சர்கோமாவை வாரம் முழுக்கப் பார்க்கிற பெத்தாலஜிஸ்ட் (திசுவை மைக்ரோஸ்கோப்பில் படித்து நோய்க்குப் பெயர் சொல்லும் டாக்டர்) யாரிடமாவது அது போக வேண்டும். ஐரோப்பாவில் மூன்று பகுதிகளில் 1,400-க்கும் மேற்பட்ட சர்கோமாக்களைச் சிறப்பு நிபுணர்கள் மறுபடி படித்துப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதல் ரிப்போர்ட்டும் மறுவாசிப்பும் முழுசாக ஒத்துப்போனது 56 சதவீதத்தில்தான். மீதியில் பெரும்பாலும் கிரேடு (கட்டி எவ்வளவு முரடு என்ற அளவு) மாறியது, அல்லது வகை மாறியது. சில கட்டிகள் சர்கோமாவே இல்லை என்று ஆனது. முதலில் படித்தவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு பெத்தாலஜிஸ்ட் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பார்க்கிற நோய் இது.

கூடவே, அறுவை செய்தவரிடம் ஆபரேஷன் குறிப்பைக் கேளுங்கள். கட்டி உறையோடு முழுசாக வந்ததா, துண்டு துண்டாக வந்ததா, எந்தத் தசைக்குப் பக்கத்தில் இருந்தது. கோபமாகக் கேட்டால் கிடைக்காது, நிதானமாகக் கேளுங்கள்.

பிப்ரவரி 12, மாலை

விட்டுப்போனது: கழுத்துக்கு கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியப் போடும் ஊசி) போட்ட எம்ஆர்ஐ, நெஞ்சுக்கு சிடி ஸ்கேன். சர்கோமா ரத்தத்தின் வழியாகப் பரவும், முதலில் போவது பெரும்பாலும் நுரையீரலுக்கு. நெஞ்சு சுத்தமாக இருக்கிறதா என்று தெரியாமல் யாரும் திட்டம் போட மாட்டார்கள்.

பிப்ரவரி 14

"அக்கா, உங்களுக்கும் ரிப்போர்ட் மாறியதா?" என்று அண்ணனுக்காகக் கேள்வி கேட்ட தம்பி கேட்டிருக்கிறார். மாறியது. அதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கீழே இடது கடைவாய்ப்பல் ஆடியது. 36 வயதில் பல் ஏன் ஆடுகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி ஆறவில்லை, மூன்று வாரத்தில் குழிக்குள்ளிருந்து சதை மேலே வளர்ந்து வந்தது. மருந்து கொடுத்தார்கள், கொப்பளிக்கச் சொன்னார்கள். அதற்குள் கீழுதட்டின் இடது பாதி மரத்துப்போக ஆரம்பித்தது. முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைப்பேன், துடைத்து முடித்துவிட்டேன் என்று நினைப்பேன், மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டை நனைந்திருக்கும், நனைந்த பிறகுதான் தெரியும். தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பைக் கட்டி அழுத்தினால் அப்படி ஆகும் என்று பிறகு படித்தேன். காரணமில்லாமல் ஆடும் பல்லும், மரத்த உதடும் சேர்ந்து வந்தால் பல் டாக்டர் பல்லை மட்டும் பார்த்தால் போதாது. இந்த ஒரு வரியை யாராவது ஒருவர் படித்து எழுந்து போய் எக்ஸ்ரே எடுத்தால், இத்தனை நேரம் தட்டச்சு செய்ததற்குப் பலன் கிடைத்ததாக நினைப்பேன்.

பயாப்சியில் முதல் ரிப்போர்ட் காண்ட்ரோசர்கோமா, அதாவது குருத்தெலும்புக் கட்டி, கீமோ வேலை செய்யாத வகை. இரண்டாவதாகப் படித்தவர் போனிலேயே சொன்னார்: தாடையில் அசல் காண்ட்ரோசர்கோமா மிகவும் அரிது, தாடை ஆஸ்டியோசர்கோமாவில் குருத்தெலும்பு நிறைய இருக்கும், சின்னத் துணுக்காக எடுத்தால் அந்தப் பகுதி மட்டும் மாட்டிக்கொள்ளும். பிளாக்கிலிருந்து இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்தார்கள். ஓர் ஓரத்தில் கட்டியின் செல்களே நேரடியாக எலும்பு உண்டாக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஓர் ஓரத்தால் பெயர் ஆஸ்டியோசர்கோமா என்று மாறியது.

பிப்ரவரி 14, தொடர்ச்சி

தாடை ஆஸ்டியோசர்கோமாவைப் பற்றி ஒன்று. நெட்டில் ஆஸ்டியோசர்கோமா என்று தேடினால் முழங்கால் பக்கம் வலியோடு நிற்கும் பதின்வயதுப் பிள்ளைகளின் கதைதான் வரும். தாடையில் வருவது பத்து இருபது வருடம் தள்ளி, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வரும். நுரையீரலுக்குப் போவது கால் எலும்பில் வருவதைவிடக் குறைவு. இங்கே உயிரை எடுப்பது பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பி வளர்வதுதான். அதனால் முதல் அறுவையில் வெட்டின ஓரம் சுத்தமாக இருந்ததா, அதாவது அந்த ஓரத்தில் கட்டியின் செல்கள் இல்லையா என்பதே எல்லாவற்றுக்கும் மேல். கால் ஆஸ்டியோசர்கோமாவின் எண்களைப் படித்துவிட்டு நான் ஒரு மாதம் அழுதேன், அது என் நோயின் எண்ணே இல்லை.

பிப்ரவரி 15

ஒருவர் "கட்டி 5 செ.மீ-க்குள் இருந்தால் ஆரம்ப நிலைதானே?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தேன். தவறு. அது பழைய கணக்கு, கை-கால் சர்கோமாவுக்காகப் போட்ட கோடு. புற்றுநோய் எந்த நிலை என்று சொல்லும் வகைப்பாட்டில், 2018-ல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் தலை-கழுத்து மென்திசு சர்கோமாவுக்குத் தனிக் கணக்கு (டி என்பது கட்டியைக் குறிக்கும்): 2 செ.மீ வரை டி1, 4 வரை டி2, அதற்கு மேல் டி3, பக்கத்து உறுப்புகளுக்குள் நுழைந்துவிட்டால் டி4. தொடையில் 4 செ.மீ என்பது சின்னக் கட்டி. கழுத்தில் 4 செ.மீ என்றால் அதன் ஒரு பக்கம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய், இன்னொரு பக்கம் குரலுக்கும் விழுங்குவதற்குமான நரம்புகள். சுற்றிலும் இரண்டு செ.மீ நல்ல திசுவோடு எடு என்றால் எங்கே போய் எடுப்பது? தலை-கழுத்தில் முடிவுகள் கை-கால் அளவுக்கு வராததற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிப்ரவரி 19

தலைப்பை விட்டுப் போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டும். நேற்று ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். 74 வயது, உச்சந்தலையில் கன்றிப்போன மாதிரி ஊதா நிறத்தில் ஒரு படை, எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பார் என்று நான்கு மாதமாகக் களிம்பு தடவுகிறார்களாம். நான்கு மாதமாகக் கன்றல் ஆறாமல் இருக்காது. அதுவும் விரிந்துகொண்டே போகிறது, நடுவில் ரத்தம் கசிகிறது என்றால் நாளையே தோல் டாக்டரிடம் போய் பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள். ஆஞ்சியோசர்கோமா அப்படித்தான் தொடங்கும். அடிபட்ட தழும்பு மாதிரி, தேமல் மாதிரி, யாரையும் பயமுறுத்தாமல். கண்ணுக்குத் தெரிகிற எல்லையைத் தாண்டித் தோலுக்கடியில் அங்கங்கே விதைத்த மாதிரி பரவியிருக்கும், அதனால்தான் வெட்டினாலும் ஓரம் சுத்தமாவதில்லை, கதிர்வீச்சும் பரந்த இடத்துக்குக் கொடுக்கிறார்கள். வாரா வாரம் கொடுக்கும் பாக்ளிடாக்சல் இந்த வகைக்கு ஓரளவு நன்றாகக் கேட்கிறது, மற்ற பல சர்கோமாக்களுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. மறுபடியும் பார்த்தீர்களா, பெயர்தான் மருந்தைத் தீர்மானிக்கிறது.

அந்த அப்பாவுக்கு வேறு ஏதாவதாக இருக்கட்டும். ஆனால் பாருங்கள்.

பிப்ரவரி 20

கண்குழியில் ராப்டோமயோசர்கோமா வந்த ஆறு வயதுக் குழந்தையின் அம்மாவுக்கு: கண்ணை எடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒரு காலத்தில் எடுத்தார்கள். இன்று பயாப்சி, கீமோ, கதிர்வீச்சு என்றுதான் முதலில் போகிறார்கள், கண்ணை எடுப்பது திரும்பி வந்தால் யோசிக்கிற கடைசி வழி. அமெரிக்காவில் 1972-ல் பல மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து இந்த ஒரு நோய்க்காகவே தொடர் ஆய்வுகளைத் தொடங்கினார்கள். அதற்கு முன் நான்கு குழந்தைகளில் ஒன்று பிழைத்தது, இப்போது எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தாலே பத்தில் ஏழு. கண்குழி அதிலும் நல்ல இடம். மூக்குக்குப் பின்னால், நடுக்காது, மண்டையோட்டின் அடிப்பக்கம் என்று மூளை உறையை ஒட்டி வந்தால் கடினம், அதற்குத் திட்டமும் வேறு.

கட்டியில் பாக்ஸ்-ஃபாக்ஸ்ஓ1 இணைவு (இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது) இருக்கிறதா என்று சோதித்தார்களா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் நோய் முரடு, இல்லாவிட்டால் கொஞ்சம் சாந்தம். பராமரிப்புக் கீமோவைப் பற்றியும் கேளுங்கள். திரும்பி வரும் அபாயம் அதிகமுள்ள குழந்தைகளுக்கு வழக்கமான கீமோ முடிந்த பிறகு ஆறு மாதம் வினோரெல்பினும் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2019-ல் வந்தது. ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 74 சதவீதத்திலிருந்து 86 ஆனார்கள். உங்கள் குழந்தை அந்த வகைப்பாட்டில் வருகிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சு பட்ட பக்கம் எலும்பு மெதுவாக வளரும், முகம் ஒரு பக்கம் சிறுத்துப் போகலாம், கண்ணில் புரை வரலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். எனக்கு எதையுமே முன்னால் சொல்லாமல் விட்டதுதான் பின்னால் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 26

தம்பியிடமிருந்து செய்தி. மறுவாசிப்பு வந்துவிட்டது: சினோவியல் சர்கோமா, அந்த வகையின் அடையாளமான எஸ்எஸ்18 மரபணு முறிவு இருக்கிறது. கட்டி 3.5 செ.மீ, நெஞ்சு சிடி சுத்தம், எம்ஆர்ஐ-யில் பழைய தழும்புக்கு அடியில் மிச்சம் ஒளிர்கிறது.

பெயரில் சினோவியல் என்று இருப்பதால் மூட்டு உறையில் வருவது என்று நினைக்க வேண்டாம், மூட்டு உறைச் செல்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பழைய காலத்தில் தவறாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இளவயதினருக்கு வரும். மெதுவாக வளரும், அதனால்தான் ஒன்றரை வருடம் கொழுப்புக் கட்டியாக நடித்தது. "கிரேடு 2 என்றால் பாதி நல்லதா?" என்று கேட்கிறார். இந்த வகைக்கு கிரேடு 1 என்பதே கிடையாது. செல்கள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிளக்கின்றன, கட்டிக்குள் எவ்வளவு செத்துப்போயிருக்கிறது என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுத்தான் கிரேடு சொல்வார்கள். சினோவியலுக்கு முதல் கேள்வியிலேயே முழு மூன்று மதிப்பெண் போய்விடும். எனவே 2 அல்லது 3 மட்டும்தான். 2 என்று வந்தது நல்லதுதான்.

முதல் ரிப்போர்ட்டை வைத்துத் திங்கட்கிழமை தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டாம். மருந்தும் ஒருவேளை ஒன்றாகவே இருந்திருக்கும், சினோவியலுக்கு இஃபோஸ்ஃபமைடு கேட்கும். ஆனால் கழுத்துக்குள் மிச்சம் இருந்தது தெரியாமலே போயிருக்கும்.

மார்ச் 1

கீமோ வேண்டுமா, வேண்டாமா என்று இப்போது வீட்டில் இரண்டு கட்சியாம். இதில் என் மனதே இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு அறுவைக்குப் பிறகு டாக்ஸோரூபிசினும் சிஸ்பிளாட்டினும் நான்கு சுற்று. கால் ஆஸ்டியோசர்கோமாவில் கீமோ உயிர் காக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. தாடையில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன, நோயாளிகள் குறைவு என்பதால் தாடைக்கென்று தனியாகப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடத்தவே முடியவில்லை. ஒரு டாக்டர் வேண்டும் என்றார், ஒருவர் ஓரம் சுத்தமாக இருந்தால் தேவையில்லை என்றார். எனக்கு உள்பக்க மென்திசு ஓரம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன். இப்போது டிஜிட்டல் தெர்மாமீட்டர் கூவினால் எனக்குக் கேட்காது, மகள் "அம்மா, கூவியாச்சு" என்று சொன்னால்தான் எடுப்பேன். சிஸ்பிளாட்டின் உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் உள்காதுச் செல்களைத் தின்றுவிட்டது. இரண்டு காதிலும் இரவு முழுக்க ஒரு ரீங்காரம். அந்த நான்கு சுற்றால்தான் பதினோரு வருடம் இருக்கிறேனா, அது இல்லாமலும் இருந்திருப்பேனா என்று யாராலும் சொல்ல முடியாது. வருத்தப்படுகிறேனா என்றால் இல்லை. ஆனால் முதல் சுற்றுக்கு முன்னால் ஒரு செவிச் சோதனை எடுத்து வைத்திருக்கலாம். அதைக் கேட்டு வாங்கும் அளவுக்கு அன்று எனக்கு விவரம் இல்லை.

உங்கள் அண்ணனுக்கு: சினோவியல், 4 செ.மீ-க்குள், நெஞ்சு சுத்தம். மறு அறுவையும் கதிர்வீச்சும் பற்றி எல்லோரும் ஒத்துப்போவார்கள். கீமோவில் நேர்மையான டாக்டர்களே வேறுபடுவார்கள். டாக்ஸோரூபிசின் என்றால் முன்னால் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பார்கள், வாழ்நாள் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. இஃபோஸ்ஃபமைடு என்றால் சிறுநீரகம். அப்புறம் 34 வயது, குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கீமோவுக்கு முன்பே விந்தைச் சேமித்து வைப்பதைப் பற்றிக் கேளுங்கள். வெட்கப்பட்டு இதைக் கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 1, இரவு

கட்டியைப் பற்றியே பேசுகிறோம், ஆளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அண்ணன் தூங்குகிறாரா? உங்களிடம் பேசுகிறாரா?

மார்ச் 5

கதிர்வீச்சு அறுவைக்கு முன்பா, பின்பா என்ற கேள்விக்கு. முன்பு என்றால் வழக்கமாக 50 கிரே (கதிர்வீச்சின் அளவு), 25 நாள், கொடுக்கும் இடமும் சின்னது. பின்பு என்றால் 60-லிருந்து 66, தழும்பு முழுவதையும் சேர்த்துப் பெரிய இடத்துக்கு. கனடாவில் நடந்த ஒப்பீட்டில், 2002-ல் வெளிவந்தது, முன்பு கொடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு அறுவைக் காயம் ஆறுவதில் தொல்லை, பின்பு கொடுத்தவர்களில் 17. ஆனால் வருடங்கள் கழித்துத் திசு இறுகிப்போவது பின்பு கொடுத்தவர்களுக்குத்தான் அதிகம். அது கை-கால் சர்கோமாவில் நடந்த ஆய்வு என்பதை மறக்காமல் படியுங்கள். கழுத்தில் காயம் ஆறாமல் பெரிய ரத்தக்குழாய் வெளியே தெரிந்தால் அது உயிராபத்து, அதனால் வேறு இடத்திலிருந்து தசை கொண்டுவந்து மூடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை திறந்த கழுத்து என்பதால் எது முதலில் என்பதை அறுவை டாக்டரும் கதிர்வீச்சு டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் நல்லது. இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய் நீங்கள் தூது போகாதீர்கள். நான் போனேன், இரண்டு பேரும் சொன்னதைப் பாதிதான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மார்ச் 5, சற்றுப் பிறகு

பல்! கதிர்வீச்சுக்கு முன் பல் டாக்டர். காப்பாற்ற முடியாத பல் இருந்தால் இப்போதே பிடுங்கி, கதிர்வீச்சு தொடங்கும் முன் குறைந்தது இரண்டு வாரமாவது ஆற விட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிற்காலத்தில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு, அது வருடங்கள் கழித்தும் வரும்.

மார்ச் 6

வாய் திறக்கும் பயிற்சி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு தாடைத் தசை இறுகி வாய் திறக்காமல் போகும். டாக்டர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டை மரக்குச்சிகளை அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் செருகி வைக்க வேண்டும், அரை நிமிடம் வைத்து எடுத்து மறுபடி. நான் ஒன்பது குச்சியில் தொடங்கினேன். ஒரு குச்சி கூட்ட சில சமயம் இரண்டு வாரம் ஆனது. அடுக்கை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பேன், பத்தாவது குச்சியின் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதினேன், பதினொன்றில் எழுதினேன். பதினேழில் நின்றுவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. பதினேழு போதும், வாய்விட்டுச் சிரிக்கலாம். கதிர்வீச்சு முடிந்தபின் ஆரம்பிக்கலாம் என்று விடாதீர்கள், நடக்கும்போதே தொடங்குங்கள்.

மார்ச் 8

இன்னொரு திருத்தம், இதுவும் நான் போனில் ஒருவரிடம் சொன்னது. "சர்கோமா நெறிக்கட்டிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவாது, கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கத் தேவையில்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டேன். வாய்ப் புற்றுநோயைப் போல வழக்கமாக எடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் விலக்குகள் உண்டு: ராப்டோமயோசர்கோமா, எபிதீலியாய்டு சர்கோமா, ஆஞ்சியோசர்கோமா, கிளியர் செல் சர்கோமா. அந்த வகைகளில் நெறிக்கட்டிகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டு யாரும் ஸ்கேனைத் தவிர்த்துவிட வேண்டாம்.

மார்ச் 29

மறு அறுவை முடிந்தது. தம்பி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து எழுதினார். எட்டரை மணி நேரம். காதுமடலுக்குப் போகும் உணர்ச்சி நரம்பு போய்விட்டது, தோளைத் தூக்கும் நரம்பைக் காப்பாற்றிவிட்டார்கள். தொடையிலிருந்து தசை எடுத்து வைத்திருக்கிறார்கள், அந்தத் தசை உயிரோடு இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து தொட்டு, நிறம் பார்த்துவிட்டுப் போகிறாராம். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்பில் மெல்லியதான ஃபிபுலாவை ரத்தக்குழாயோடு எடுத்து, மூன்றாக வெட்டி வளைத்துத் தாடையாக வைத்தார்கள். முதல் மூன்று நாள் எல்லோரும் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தோல் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், முதல் சில நாளில் ரத்தக்குழாய் அடைத்தால் உடனே திறந்து சரிசெய்யத்தான் அந்தக் காவல்.

ஏப்ரல் 7

ஓரங்கள் சுத்தம். ஆழத்தில் 4 மி.மீ, மற்ற பக்கங்களில் அதற்கு மேல். மிச்சக் கட்டி 9 மி.மீ இருந்திருக்கிறது. கதிர்வீச்சு மே முதல் வாரம். கீமோ மூன்று சுற்று என்று டாக்டர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, அண்ணனும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சேமிக்க வேண்டியதைச் சேமித்தாகிவிட்டது. செவிச் சோதனை பற்றி அவரே கேட்டாராம், இந்தத் திட்டத்தில் சிஸ்பிளாட்டின் இல்லை, அவசியமில்லை என்றார்கள். கேட்டாரே, அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது "அக்கா, எத்தனை சதவீதம்?" என்று மறுபடி கேட்கிறார். பிப்ரவரியில் எதையும் பார்க்காதே என்றேன். இப்போது டாக்டரிடம் கேளுங்கள். பெயர் இருக்கிறது, கிரேடு இருக்கிறது, அளவு இருக்கிறது, ஓரம் இருக்கிறது, நெஞ்சு தெரியும். இந்த ஐந்தையும் வைத்து அவர் சொல்லும் எண் உங்கள் அண்ணனுக்கு ஓரளவு பொருந்தும்.

ஏப்ரல் 7, இரவு

பின்தொடர்தல் பற்றி. முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கழுத்துக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கு சிடி. அப்புறம் ஆறு மாதம், அப்புறம் வருடம். சினோவியல் ஐந்து வருடம் தாண்டியும், பத்து வருடம் தாண்டியும் நுரையீரலில் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஆகவே ஐந்தாம் வருடக் கொண்டாட்டம் முடிந்ததும் ஸ்கேனை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இன்னும் வருடா வருடம் உண்டு. ஸ்கேனுக்கு முந்தைய வாரம் எல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பேன், பதினோரு வருடத்தில் அது போகவில்லை. அண்ணனுக்கும் இருக்கும், கேலி செய்யாதீர்கள்.

ஆகஸ்ட் 22

கதிர்வீச்சு, கீமோ இரண்டும் முடிந்து முதல் ஸ்கேன். கழுத்தும் நெஞ்சும் சுத்தம். முடி முளைத்துவிட்டது, இடது காதுமடல் மரத்திருப்பதால் போனை வலது பக்கம் மாற்றிக்கொண்டாராம். குச்சி பதினாறு.

அடுத்த ஸ்கேன் டிசம்பர் இரண்டாம் வாரம். தம்பி, இந்த ஸ்கேனின் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்கி பிளாக் இருக்கும் உறையோடு சேர்த்து வையுங்கள், டிசம்பரில் எடுப்பதை இதோடு வைத்துத்தான் பார்ப்பார்கள்.